கூப்பிடத் தெரிந்த அம்மாக்கள் வேண்டும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களும், வெளிநாட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு இங்கே இருப்பவர்களும் பொறுமையாக முழுவதும் படியுங்கள். மற்றவர்கள், உங்களுக்குத் தெரிந்த அப்படிப்பட்ட குடும்பத்துக்கு இதை அனுப்பி வையுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு, ஊரில் இருக்கும் அம்மாவும் அப்பாவும் யார் உதவியும் இல்லாமல் தாங்களே போன் போடத் தெரிந்திருக்க வேண்டும். நம் பக்கத்துக் கிராமங்களில் இன்று பல வீடுகளில் அது முடியாது. பிள்ளை கூப்பிட்டால் பச்சை பட்டனைத் தொட்டு எடுக்கத் தெரியும், முகம் பார்க்கத் தெரியும். அதோடு சரி. தினமும் வீடியோவில் பேசுகிறோமே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எடுக்க மட்டும் தெரிந்த போன் பாதி போன்தான்.

அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் சிங்கப்பூர், மலேசியா, துபாய், சவுதி, குவைத் என்று ஒரு வீடாவது இருக்கும். நான் பாடம் நடத்திய வகுப்புகளில் அப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் எப்போதும் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளே வளர்ந்து இப்போது அதே ஊர்களில் வேலை பார்க்கிறார்கள். அதனால் இது நம் வீட்டு விஷயம்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் கடிதம்தான். ஊருக்கு வருகிறவர் கையில் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். டேப் ரெக்கார்டர் இருக்கும் வீட்டில் தெருவே கூடி உட்கார்ந்து கேட்கும். அவசரம் என்றால் தந்தி, இல்லாவிட்டால் டிரங்க் கால். பிறகு மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்துகள் வந்தன. கண்ணாடிக் கதவுக்குள் நின்று பேசும்போது சிவப்பு எழுத்தில் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். 90களில் வெளிநாட்டுக்கு ஒரு நிமிடம் பேச 50 ரூபாய்க்கு மேல் ஆனது. வயல் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் ஒரு நாள் கூலி ஒரு நிமிடத்துக்குக்கூடப் போதாது. பேச வேண்டியதை வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். "நல்லா இருக்கீங்களா, பணம் வந்துச்சு, பாப்பாவுக்குக் காய்ச்சல் சரியாயிடுச்சு, வச்சிடறேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள்.

உலகத்தில் எல்லா இடத்திலும் இப்படித்தான் தொடங்கியது. 1927 ஜனவரியில் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே முதன்முதலாகப் பொதுமக்களுக்குத் தொலைபேசிச் சேவை வந்தபோது, 3 நிமிடம் பேச 75 டாலர். அதுவும் வானொலி அலை வழியாக. அட்லாண்டிக் கடலுக்கடியில் தொலைபேசி கேபிள் போட்டது 1956-இல்தான். நம் நாட்டில் வெளிநாட்டு அழைப்பு முழுக்க வி.எஸ்.என்.எல். என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. 2002 ஏப்ரலில் மற்ற நிறுவனங்களும் வரலாம் என்று திறந்துவிட்டார்கள். அதன் பிறகு கட்டணம் சரசரவென்று இறங்கியது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடி கேபிள் வந்ததும் அதே 2002-இல்தான். இன்று வாட்ஸ்அப் வந்து பேச்சையே ஏறக்குறைய இலவசமாக்கிவிட்டது. நல்ல வளர்ச்சிதான். அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் பூத் காலத்தில் ஒன்று இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவிடம்கூட, சுருக்குப் பையில் மடித்து வைத்த ஒரு துண்டுச் சீட்டில் மகனின் எண் இருக்கும். பூத்காரரிடம் நீட்டினால் போதும். எண் அவர் கையில் இருந்தது, எப்போது கூப்பிடுவது என்ற முடிவும் அவர் கையில் இருந்தது. இன்று எண் செல்போனுக்குள் ஒரு படத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. கூப்பிடுவது பிள்ளையின் நேரத்துக்கு நடக்கிறது. பெற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். குடும்பத்தின் வருத்தம் என்பதால் விவரங்களைக் குறைத்துக்கொள்கிறேன். ஒரு பெரியவருக்கு இரவு பத்தரை மணிக்கு நெஞ்சு வலி வந்தது. வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். ஒரே மகன் ஷார்ஜாவில். அந்த அம்மாவிடம் மகன் வாங்கிக் கொடுத்த நல்ல டச் போன் இருந்தது. ஆனால் ரீசார்ஜ் முந்தின நாளோடு முடிந்திருந்தது. அதைப் போடுகிறவன் மகன்தான். அந்த மாதம் இரண்டு நாள் தள்ளிப்போய்விட்டது. நெட் இல்லை, வெளியே போகும் கால் எதுவும் போகவில்லை. பக்கத்து வீட்டார் ஓடி வந்து 108-க்கு அடித்து ஆம்புலன்ஸை வரவழைத்தார்கள். அந்த அம்மாவின் போனிலிருந்து மகன் எண்ணை எடுத்துத் தங்கள் போனில் அடித்தார்கள். 'ஸ்விட்ச் ஆஃப்' என்றது.

காரணம் என்ன தெரியுமா? அதில் இருந்தது மகனின் பழைய இந்திய எண். வாட்ஸ்அப்பை ஊரில் இருந்தபோது எந்த எண்ணில் தொடங்கினானோ, அதே எண்ணில்தான் அங்கேயும் வைத்திருந்தான். அந்த சிம் அவன் பெட்டியில் எங்கோ கிடந்தது. அங்கே அவன் பேசுகிற எண் வேறு. அந்த எண் ஊரில் யாரிடமும் இல்லை. வாட்ஸ்அப்பில் தகவல் போட்டார்கள். அவன் இரவு வேலையில் இருந்தான், போனை உள்ளே கொண்டு போக அனுமதி இல்லாத இடம். விடியற்காலையில் பெரியவர் தவறிவிட்டார். அதே கம்பெனியில் வேலை பார்க்கும் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அவன் வழியாக மகனுக்குச் செய்தி போனபோது மதியம் ஆகிவிட்டது. இரவே தெரிந்திருந்தால் முதல் விமானத்தைப் பிடித்திருப்பான். கடைசியில் அப்பாவுக்குச் செய்ய வேண்டியதை வீடியோவில்தான் பார்த்தான். அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தினமும் தவறாமல் பேசிய பிள்ளை. தினமும் பேசியதால்தான் இப்படி ஒரு ஓட்டை இருப்பது யார் கண்ணிலும் படவில்லை.

வாட்ஸ்அப் ஒன்றே போதும் என்று ஏன் இருக்கக் கூடாது என்பதற்கு இன்னும் சில காரணங்கள் உண்டு.

ஒன்று, நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தில், அதாவது துபாய், ஷார்ஜா, அபுதாபியில், வாட்ஸ்அப்பில் எழுத்துத் தகவல் போகும். ஆனால் பேசுவதற்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. அனுமதி பெற்ற வேறு செயலிகளில்தான் பேச வேண்டும். புதிதாகப் போகும் பிள்ளைகள் இது தெரியாமல் போய், முதல் வாரம் முழுவதும் வீட்டைத் தவிக்க விடுகிறார்கள்.

இரண்டு, இயற்கை. 2018 நவம்பர் 16 கஜா புயலை நாம் மறக்க முடியுமா? நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னை சாய்ந்தது, மின்கம்பம் சாய்ந்தது, டவர்கள் நின்றுபோயின. பல கிராமங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. வெளிநாட்டில் இருந்த நம் பிள்ளைகள் அம்மா உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாமல் துடித்தார்கள். சிக்னல் பலவீனமாக இருக்கும்போது நெட் வேலை செய்யாவிட்டாலும் சாதாரண காலும் எஸ்.எம்.எஸ்.ஸும் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. ஒருவர் பைக்கில் டவர் இருக்கும் இடத்துக்குப் போய், பத்துக் குடும்பத்தின் எண்களை வரிசையாகக் கூப்பிட்டு "உங்க வீட்டுல எல்லாரும் சுகம்" என்று சொல்லலாம். அதற்கு எண்கள் தாளில் இருக்க வேண்டும்.

மூன்று, நாம் இங்கிருந்து மட்டும் பார்க்கிறோம். அங்கே பிள்ளைக்கு ஏதாவது ஆனால்? இரண்டு நாளாகப் பேச்சில்லை என்றால் யாரைக் கேட்பது? உடன் தங்கியிருப்பவர் எண், கம்பெனி எண், தங்குமிட முகவரி இவற்றில் ஒன்றும் இல்லாமல் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவர்களாலும் விரைவாக உதவ முடியாது. நம் மாநில அரசில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை இருக்கிறது. பல நாடுகளில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. அங்கே போய் நிற்கும்போது பாஸ்போர்ட் நகலும் இந்த எண்களும் கையில் இருக்க வேண்டும்.

சரி, இப்போது பாடம். கரும்பலகை இல்லாவிட்டாலும் ஆசிரியர் ஆசிரியர்தானே!

எந்த நாட்டுக்கும் சாதாரண போன் போட மூன்று படிகள். முதலில் கூட்டல் குறி. செல்போனில் 0-வை விடாமல் அழுத்தினால் + வரும். அது எந்த நாட்டில் இருந்தாலும் வேலை செய்யும். அடுத்து அந்த நாட்டின் எண். அதன் பிறகு பிள்ளையின் எண். இந்தியாவிலிருந்து அடிக்கும்போது கூட்டல் குறிக்குப் பதில் 00 போட்டாலும் போகும்.

நாட்டு எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் 65, மலேசியா 60, அமீரகம் 971, சவுதி 966, குவைத் 965, கத்தார் 974, ஓமன் 968, பஹ்ரைன் 973, இலங்கை 94, இங்கிலாந்து 44, ஆஸ்திரேலியா 61, அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் 1. நம் இந்தியாவுக்கு 91.

எல்லோரும் தடுமாறுவது ஒரு பூஜ்யத்தில்தான். அமீரகத்தில் உள்ளூரில் 05 என்று தொடங்கும் எண்ணை இங்கிருந்து அடிக்கும்போது அந்த 0-வை விட்டுவிட வேண்டும். +971 போட்டு 5-இலிருந்து தொடங்க வேண்டும். சவுதியும் அப்படியே. மலேசியா, இங்கிலாந்து, இலங்கை எண்களிலும் முன்னால் நிற்கும் 0-வை எடுத்துவிடுங்கள். சிங்கப்பூர், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் எண்கள் 8 இலக்கம். அவற்றில் முன்னால் பூஜ்யம் கிடையாது, இருப்பதை அப்படியே அடிக்கலாம். வெளிநாட்டிலிருந்து நம் ஊர் லேண்ட்லைனுக்கு அடிக்கும்போதும் இதே கணக்குதான். புதுக்கோட்டையின் 04322 அங்கிருந்து +91 4322 ஆகிவிடும்.

அடுத்து நேரம். அமீரகமும் ஓமனும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சவுதி, குவைத், கத்தார், பஹ்ரைன் இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முன்னால். நமக்கு இரவு 9 மணி என்றால் சிங்கப்பூரில் பதினொன்றரை, துபாயில் ஏழரை. லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி நேரம் பின்னால். நியூயார்க் குளிர்காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை. அந்த நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்திவிடுவதால் இந்த வித்தியாசம்.

கடைசியாகப் பணம். 'அன்லிமிடெட்' என்று நாம் போடும் சாதாரண ரீசார்ஜ் உள்நாட்டுக்கு மட்டும்தான். வெளிநாட்டு காலுக்குத் தனி பேலன்ஸோ ஐ.எஸ்.டி. பேக்கோ வேண்டும். சில இணைப்புகளில் அந்த வசதியையே கேட்டு வாங்க வேண்டியிருக்கும். கஸ்டமர் கேரில் கேளுங்கள், அந்தப் பேலன்ஸைப் போட்டு ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். அவசரத்தின்போது முதல் தடவையாக முயற்சி செய்யக் கூடாது.

"டீச்சர், எங்க அம்மாவுக்கு இதெல்லாம் வராது" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. 1991-இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். கல் உடைக்கும் பெண்களும் நாற்று நடும் பெண்களும் மாலையில் வந்து உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது. அன்று சைக்கிள் கற்ற பெண்கள்தான் இன்று வயதான அம்மாக்கள். விளக்கு வெளிச்சத்தில் 'அ' எழுதிப் பழகியவருக்குப் பதின்மூன்று எண்களை அழுத்த வராது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. சொல்லிக்கொடுக்க நமக்குப் பொறுமை இல்லை என்பதுதான் உண்மை. பட்டன் போனே போதும். தாளைப் பார்த்து நான்கு நாள் அடித்தால் ஐந்தாம் நாள் கை தானாகப் போகும்.

"தெரிந்துவிட்டால் சும்மா சும்மா கூப்பிடுவாங்க, வேலை கெடும்" என்று இன்னொரு பேச்சு. இது எனக்கு வருத்தம் தரும் பேச்சு. பெற்றவள் தனக்குத் தோன்றும்போது பிள்ளையின் குரலைக் கேட்க நினைப்பது தொல்லையா? வேலை நேரத்தில் எடுக்க முடியாது என்றால் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒரு தடவை அடித்தால் சும்மா, முடிந்தபோது திருப்பிக் கூப்பிடலாம். அடுத்தடுத்து மூன்று தடவை அடித்தால் அவசரம், எப்படியாவது எடுக்க வேண்டும். இதைப் பேசி வைத்துக்கொண்டால் இருபக்கமும் நிம்மதி.

"காசு போகும்" என்பது மூன்றாவது பேச்சு. தினமும் வாட்ஸ்அப்பிலேயே பேசுங்கள், யார் வேண்டாம் என்றது? நான் கேட்பது, ஆபத்துக்கு ஒரு சிறிய பேலன்ஸ். வீட்டில் எவர்சில்வர் டப்பாவில் அவசரத்துக்கு நூறு ரூபாய் ஒளித்து வைத்த தலைமுறை நாம்.

இதில் இன்னொரு பெரிய நன்மை இருக்கிறது. இன்று வெளிநாட்டு எண்ணிலிருந்து வரும் ஏமாற்று அழைப்புகள் பெருகிவிட்டன. ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவார்கள். நம் பிள்ளைதானோ என்று திருப்பிக் கூப்பிட்டால் பேலன்ஸ் காலியாகும். இந்த வித்தைக்கு ஜப்பானிய மொழியில் 'வாங்கிரி' என்று பெயரே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பேசிக்கொண்டே இந்திய எண்போலக் காட்டுகிறவர்களும் உண்டு. அதைத் தடுக்க மத்திய அரசு 2024 அக்டோபரில் தனி அமைப்பையே தொடங்க வேண்டியிருந்தது. "உங்க மகன் போலீஸில் மாட்டிக்கிட்டான், உடனே பணம் அனுப்புங்க" என்று அழுகிற குரல்கூட வரும். 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுவார்கள். அப்படி ஒன்று நம் நாட்டுச் சட்டத்திலேயே கிடையாது.

இந்த நேரத்தில் யார் தப்பிப்பார்கள்? "இருப்பா, நானே என் மகனுக்குப் போட்டுக் கேட்டுக்கறேன்" என்று வைத்துவிட்டு, தாளைப் பார்த்து மகனுக்குப் போன் போடத் தெரிந்த அம்மா தப்பிப்பார். நாட்டு எண் தெரிந்தவர், மகன் இருக்கும் நாட்டின் எண் இது இல்லையே என்று முதல் பார்வையிலேயே சந்தேகப்படுவார். எடுக்க மட்டும் தெரிந்தவர், எதிர்முனையில் இருப்பவன் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லாமல் நிற்பார். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அடியுங்கள். அது சைபர் குற்றங்களுக்கான உதவி எண்.

ஆகவே வீட்டுப்பாடம் தருகிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு: நீங்கள் அங்கே பயன்படுத்தும் எண், உடன் இருப்பவர் ஒருவரின் எண், கம்பெனி எண், தங்கியிருக்கும் முகவரி, அந்த நாட்டின் இந்தியத் தூதரக எண் ஆகிய ஐந்தையும் இன்றே வீட்டுக்கு அனுப்புங்கள். எண் மாறினால் அன்றே சொல்லுங்கள். அம்மாவின் ரீசார்ஜ் தேதியை உங்கள் போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருக்கும் பேரன் பேத்திகளுக்கும், பக்கத்து வீட்டு இளைஞர்களுக்கும்: அந்த ஐந்தையும் ஒரு வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். + குறியும் நாட்டு எண்ணும் சேர்த்து முழுதாக எழுதுங்கள். ஒன்றைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், ஒன்றைப் பாட்டியின் பர்ஸில் வையுங்கள், ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். பாட்டியை உட்கார வைத்து, அவர் விரலாலேயே அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் அழுத்திக் காட்டினால் அது பாடம் ஆகாது.

பெற்றோருக்கு: கூச்சப்படாமல் கேளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளை கூப்பிடும் முன்னால் நீங்கள் கூப்பிடுங்கள். அவன் பதறிப்போய் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்பான். "ஒண்ணும் இல்லடா, போன் போடக் கத்துக்கிட்டேன்" என்று சொல்லுங்கள்.

யார் யார் வீட்டில் தாள் ஒட்டியாகிவிட்டது என்று கீழே எழுதுங்கள். எந்த நாட்டுக்காவது எப்படி அடிப்பது என்று சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள். பின்பெஞ்சில் உட்கார்ந்து தப்பித்தவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது!

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்